கியர் விழவில்லையா? கிளட்ச் பிளேட்டைக் கழற்றும் முன் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள்

ராயக்கோட்டை தக்காளி, சூளகிரி கொத்தமல்லி, பாகலூர், தளி பகுதி ரோஜா என எதுவாக இருந்தாலும், நேரத்துக்குச் சந்தை சேர்ந்தால்தான் விலை. ஓசூரில் இருந்து பெங்களூரு சுமார் 40 கி.மீ. தூரம்தான். ஆனால் அத்திப்பள்ளி தாண்டியதும் வண்டி ஊர்ந்து போகும் நெரிசலில் கிளட்ச் பெடலை எத்தனை முறை மிதிக்கிறோம் என்பதற்குக் கணக்கே இல்லை. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பிக்கப் வண்டியில் கியர் விழ மறுத்தால், ‘கிளட்ச் பிளேட் போய்விட்டது’ என்றுதான் முதலில் நினைப்போம். பெடலுக்குப் பின்னால் இருக்கும் சிறிய மாஸ்டர் சிலிண்டர் பழுதானாலும் இதே தொல்லைதான் வரும். அதைப் பார்க்காமல் கியர் பாக்ஸை இறக்கினால் பணமும் போகும், இரண்டு நாள் லோடும் போகும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

உங்கள் வண்டி எந்த வகை?

டார்ச் அடித்து கிளட்ச் பெடலின் மேல்பக்கம் பாருங்கள். அங்கிருந்து கேபிள் போனால் இந்த வேலை உங்கள் வண்டிக்கு இல்லை. பெடலில் இருந்து ஒரு ராடு சிலிண்டருக்குள் போய், அந்தச் சிலிண்டரில் இருந்து மெல்லிய பைப் கியர் பாக்ஸ் பக்கம் இறங்கினால் அது ஹைட்ராலிக் கிளட்ச்.

பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் பைப் வழியாகப் போய் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். அதுதான் கிளட்சைப் பிரிக்கிறது. பிஸ்டனில் உள்ள ரப்பர் தேய்ந்தால் ஆயில் முன்னே போகாமல் பின்னால் நழுவும். கிளட்ச் அரைகுறையாகத்தான் பிரியும்.

கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

* மேட்டில் லோடுடன் ஏறும்போது இன்ஜின் மட்டும் உறுமி, வண்டி இழுக்காமல், கருகிய வாடை வந்தால் கிளட்ச் பிளேட்டைச் சந்தேகிக்கலாம்.
* ரிவர்ஸ் கியர் கரகரத்து, பெடலை இரண்டு மூன்று முறை அடித்த பிறகு கியர் விழுந்தால் ஹைட்ராலிக் பக்கம் கோளாறு.
* மிதித்துப் பிடித்த பெடல் தானாகவே மெல்லக் கீழே இறங்கி, வெளியே எங்கும் கசிவு இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போயிருக்க வாய்ப்பு அதிகம்.
* கேபினுக்குள் பெடல் ராடு ஓரம் ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. கியர் பாக்ஸ் பக்கம் ஈரம் இருந்தால் ஸ்லேவ் சிலிண்டரைப் பாருங்கள்.

சில வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பா இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் கிளட்ச் கசிந்தால் பிரேக்குக்கான ஆயிலும் குறையும். அந்த நிலையில் வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.

வாங்கும்போது

பழைய சிலிண்டரைக் கையோடு கொண்டு போங்கள். பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் பூ இறக்குபவர்களுக்கு, உதிரிபாகங்களுக்குப் பெயர் பெற்ற ஜே.சி. ரோடு பக்கம்தான். துளையின் அளவு, ராடின் நீளம், பைப் மாட்டும் மரையின் அளவு, போல்ட் துளைகளின் இடைவெளி என நான்கும் பொருந்த வேண்டும். துளை அளவு பல சிலிண்டர்களில் உடலிலேயே பொறித்திருக்கும். சிறிய துளை கொண்டதை மாட்டினால் தள்ளும் ஆயில் குறைந்து கியர் மீண்டும் கரகரக்கும். பெரியதை மாட்டினால் பெடல் கனக்கும்.

ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் செலவு குறைவு. ஆனால் சிலிண்டரின் உள்சுவரில் கோடோ துருவோ இருந்தால் புது ரப்பரும் சீக்கிரம் கிழியும். அப்போது முழு சிலிண்டரையே மாற்றுவதுதான் லாபம்.

மாட்டும் முறை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். டப்பாவில் உள்ள ஆயிலை ஊசி சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்; இந்த ஆயில் பெயிண்டை அரிக்கும்.

2. பெடலில் ராடைப் பிடித்திருக்கும் பின்னைக் கழற்றுங்கள். பைப் நட்டுக்கு அதற்கென உள்ள பைப் ஸ்பேனர்தான் வேண்டும். சாதாரண ஸ்பேனர் நழுவி நட்டின் முனைகளை மழுக்கிவிடும். பிறகு போல்ட்டுகளைக் கழற்றி சிலிண்டரை எடுங்கள்.

3. புதிய சிலிண்டரை வைஸில் பிடித்து ஆயில் ஊற்றி, ராடை மெதுவாக அழுத்தி விடுங்கள். ராடு திரும்பும்போது வெளி ஓட்டையை விரலால் மூடுங்கள். குமிழி நிற்கும் வரை செய்தால், பிறகு ஏர் எடுக்கும் வேலை பாதியாகும்.

4. சிலிண்டரை வைத்ததும் போல்ட்டுகளை இறுக்காதீர்கள். முதலில் பைப் நட்டைக் கையாலேயே சில சுற்று ஏற்றுங்கள். சிலிண்டர் அசையும் நிலையில்தான் மரை நேராகப் பிடிக்கும். அதன் பிறகு போல்ட், கடைசியாக பைப் நட் என்று இறுக்குங்கள்.

5. பெடலில் சிறிது ஆட்டம் இருக்க வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். ஆட்டமே இல்லாமல் ராடு பிஸ்டனை அழுத்திக்கொண்டே இருந்தால், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை மூடிக்கொள்ளும். கிளட்ச் பாதி மிதித்த நிலையிலேயே ஓடி, நல்ல பிளேட்டும் கருகும். ஸ்பிளிட் பின்னைப் புதிதாகவே போடுங்கள்.

ஏர் எடுப்பது

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் கண்ணாடி டியூப் மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வையுங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். குமிழி வராத வரை இதைத் தொடருங்கள். இடையில் டப்பா காலியானால் மீண்டும் ஏர் ஏறி, முதலில் இருந்து தொடங்க வேண்டி வரும்.

டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என எழுதியிருக்கும். அதே வகையைப் புதிய, சீல் உடைக்காத பாட்டிலில் வாங்குங்கள். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். அந்த ஈரமே சிலிண்டரின் உள்சுவரைத் துருப்பிடிக்க வைக்கும். இன்ஜின் ஆயிலை ஒரு சொட்டுக்கூடக் கலக்காதீர்கள். டீசல், மண்ணெண்ணெயில் உதிரிபாகங்களைக் கழுவவும் வேண்டாம். ரப்பர் ஊதிப்போய் எல்லாமே வீணாகும். வடித்த ஆயிலைத் திரும்ப ஊற்ற வேண்டாம். அது விஷம், குழந்தைகளும் ஆடு மாடுகளும் எட்டாத இடத்தில் வையுங்கள். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டு ரிவர்ஸ் கியர் போட்டுப் பாருங்கள். சத்தமின்றி விழ வேண்டும். மறுநாள் காலை பைப் நட்டு, ஸ்லேவ் சிலிண்டர் இரண்டிலும் கசிவு உண்டா என்று பாருங்கள். மாஸ்டர் புதிதாகி அழுத்தம் கூடும்போது பழைய ஸ்லேவ் கசியத் தொடங்குவது வழக்கம். இரண்டும் ஒரே வயது என்றால் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

பாதி வழியில் பெடல் இறங்கினால்

டப்பாவில் ஆயில் ஊற்றி, பெடலைப் பல முறை அடித்தால் வண்டியை ஓரம் கட்டும் அளவுக்குக் கிளட்ச் கிடைக்கலாம். அதை நம்பி நெடுஞ்சாலையில் லோடுடன் தொடர வேண்டாம். தக்காளியை வேறு வண்டிக்கு மாற்றும் வாடகை, மோதிய வண்டிக்கு ஆகும் செலவைவிடக் குறைவுதான்.

மாதம் ஒரு முறை ஆயில் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றி மூடிவிடாமல், எங்கே போனது என்று தேடுங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் வண்டிகளையும் மாங்காய் வரத்து தொடங்கும் முன் இப்படிப் பார்த்து வைக்க, களப் பணியாளர்கள் நினைவூட்டலாம். சீசன் நடுவில் ஒரு வண்டி நின்றால், அதை நம்பியிருக்கும் பத்து வீட்டு விளைச்சலும் தோட்டத்திலேயே நிற்கும்.