இரண்டு டெசிபெல் அதிகம்!

இங்கிலாந்தில் ஒரு கார்ப் பந்தயத் தளம். காலை எட்டரை மணி என்று வைத்துக்கொள்வோம். அன்று புகழ்பெற்ற வீரர்களின் பந்தயம் எதுவும் இல்லை. வேகத்தில் ஆர்வமுள்ள பொதுமக்கள் கட்டணம் செலுத்தித் தம் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள் அது. ஓர் இளைஞன் பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தன் காரைச் செப்பனிட்டுக் கொண்டு வந்திருக்கிறான். தளத்திற்குள் செல்லும் முன் ஓர் அலுவலர் காரின் புகைக்குழாய் அருகே ஒலிமட்டமானியைப் பிடிக்கிறார். அது 107 டெசிபெல் காட்டுகிறது.

“105-க்கு மேல் அனுமதி இல்லை” என்கிறார் அலுவலர்.

“இரண்டு டெசிபெல்தானே ஐயா அதிகம்! நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லையே!” என்று கெஞ்சுகிறான் இளைஞன்.

அவன் சொல்வது சரியா? நாமே கணக்கிட்டுப் பார்ப்போம்.

மீட்டர், கிலோகிராம் போன்ற அளவுகளைக் கூட்டுவதுபோல் டெசிபெலைக் கூட்ட முடியாது. டெசிபெல் என்பது மடக்கை அளவு. ஒலிச்செறிவு 10 மடங்கானால் 10 டெசிபெல் கூடும். 100 மடங்கானால் 20 டெசிபெல் கூடும். செறிவு இரு மடங்கானால்? 2-இன் மடக்கை 0.301. அதை 10-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 3 டெசிபெல். 2 டெசிபெல் கூடினால் செறிவு 1.58 மடங்காகும். ஆக, இளைஞனின் கார் அனுமதிக்கப்பட்ட அளவைவிட நூற்றுக்கு 2 பங்கு அன்று, 58 பங்கு அதிகமான ஒலி ஆற்றலை வெளிவிடுகிறது!

இனி, அலுவலர் எப்படி அளந்தார் என்பதைக் கவனியுங்கள். பிரிட்டனின் தளங்களில் பரவலாக உள்ள முறை இது. கார் நிற்கும்போதே அளக்கிறார்கள். புகைக்குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், குழாயின் திசைக்கு 45 பாகை சாய்வில் ஒலிவாங்கி இருக்க வேண்டும். எஞ்சின் தன் உச்சச் சுழற்சி வேகத்தில் முக்கால் பங்கு வேகத்தில் ஓட வேண்டும்.

இத்தனை நிபந்தனைகள் ஏன்? தூரத்தைச் சொல்லாமல் “105 டெசிபெல்” என்று மட்டும் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. ஒலி நாற்புறமும் பரவும்போது அதன் செறிவு தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர் விகிதத்தில் குறைகிறது. தூரம் இரு மடங்கானால் செறிவு நான்கில் ஒரு பங்காகும்; அதாவது 6 டெசிபெல் குறையும். சாய்வாக வைப்பது எதற்கு? நேர் எதிரே வைத்தால் சூடான புகை ஒலிவாங்கியின் மீதே மோதி அளவைக் கெடுத்துவிடும். எஞ்சின் வேகத்தை வரையறுக்காவிட்டால், ஒருவர் மெதுவாகவும் மற்றவர் விரைவாகவும் ஓட்டிக் காட்டுவார்கள், ஒப்பிட முடியாது.

சரி, இந்த 105 டெசிபெல் அக்கம்பக்கத்து வீடுகளில் எவ்வளவாகக் கேட்கும்? தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். அரை மீட்டரை இரட்டித்துக்கொண்டே போங்கள்: 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512 மீட்டர். மொத்தம் பத்து முறை. ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் வீதம் 60 டெசிபெல் குறைகிறது. எனவே அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வீட்டில் எஞ்சியிருப்பது 45 டெசிபெல். அமைதியான பேச்சொலியைவிடக் குறைவு. “இதற்கா இத்தனை கெடுபிடி?” என்று தோன்றும்.

அவசரப்பட வேண்டாம். தளத்தில் ஓடுவது ஒரு கார் அன்று. அதே அளவு ஒலியெழுப்பும் பத்துக் கார்கள் ஒரே சமயத்தில் ஓடினால் செறிவு 10 மடங்கு. 10 டெசிபெல் கூடி 55 ஆகிறது. பகலில் வீட்டிற்கு வெளியே சராசரி ஒலிமட்டம் 55 டெசிபெலைத் தாண்டினால் மக்களுக்குக் கடும் எரிச்சல் உண்டாகும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. சரியாக அந்த எல்லையில் வந்து நிற்கிறோம்! பத்துக் கார்களும் “இரண்டு டெசிபெல்தானே” என்று சலுகை பெற்றால், 57.

நம் கணக்கு தோராயமானதே. மரங்களும் மண்மேடுகளும் ஒலியைக் குறைக்கலாம். மாறாக, காற்று வீட்டை நோக்கி வீசினாலோ, மாலையில் தரையருகே குளிர்ந்த காற்றும் மேலே வெப்பமான காற்றும் அமைந்தாலோ, மேலே செல்ல வேண்டிய ஒலி கீழ்நோக்கி வளைந்து வீடுகளை எட்டும்.

அருகில் நிற்பவர்களின் காது வேறொரு கவலை. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மேல் கேட்கலாகாது. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பது தொழிலாளர் நலனுக்காக அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று பரிந்துரைக்கும் விதி. அதன்படி 105 டெசிபெலில் 5 நிமிடம்கூட நிற்கக் கூடாது. நாள் முழுதும் தளத்தில் நிற்கும் பணியாளர்களுக்குக் காதுறை அவசியம் என்பது இதனால்தான்.

ஒவ்வொரு காரும் வரம்பிற்குள் இருந்துவிட்டால் மட்டும் போதுமா? எத்தனை நாள் ஓடுகின்றன என்பதும் முக்கியம். வடக்கு யார்க்‌ஷயரிலுள்ள கிராஃப்ட் பந்தயத் தளத்தின் அருகில் வசித்தவர்கள் வழக்குத் தொடுத்தபோது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-இல், இரைச்சல் மிகுந்த நாள்கள் ஆண்டுக்கு 40-ஐத் தாண்டக் கூடாது என்று ஆணையிட்டது.

“தளம்தான் முதலில் இருந்தது, தெரிந்துதானே பிறகு குடிவந்தார்கள்?” என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? சஃபக் மாவட்டத்தில் மில்டன்ஹால் அருகே 1970-களில் கட்டப்பட்ட பந்தய அரங்கும், அதன் பின்னால் 1990-களில் அமைந்த மோட்டார் சைக்கிள் தளமும் இருந்தன. அரங்கிலிருந்து சுமார் 560 மீட்டர் தூரத்தில் இருந்த வீட்டை ஒரு தம்பதியர் 2006-இல் வாங்கினர். இரைச்சலை எதிர்த்து அவர்கள் தொடுத்த வழக்கில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. பிறகு குடிவந்தவர் என்பதற்காக மட்டும் ஒருவரின் முறையீட்டைத் தள்ளிவிட முடியாது என்று அது கூறியது. 560 மீட்டர்! நாம் கணக்கிட்ட 512 மீட்டருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, பாருங்கள்.

ஆகவே, அலுவலர் காப்பது அண்டை வீட்டாரின் அமைதியை மட்டும் அன்று, அந்தத் தளத்தையும்தான். வரம்பு மீறப்படுமானால் வழக்கும் தடையும் வரும். பெரும் பணமில்லாத இளைஞர்கள் பாதுகாப்பாக வேகம் பழகும் இடம் ஒன்று குறைந்துபோகும்.

நம் இளைஞனுக்கு வழியில்லையா? உண்டு. புகைக்குழாயின் முனையில் கூடுதலாக ஒரு சைலன்சர் பொருத்தலாம். அதன் உள்ளே துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை அடைத்திருக்கும். ஒலி அலைகள் துளைகளின் வழியே இழைகளுக்குள் புகுந்து, உராய்வால் தம் ஆற்றலை வெப்பமாக இழக்கும். குழாய் குறுகலாக இருந்தால் புகை வெளியேறத் தடைப்பட்டு எஞ்சினின் திறன் சற்றுக் குறையலாம். அதனால் என்ன? 107 டெசிபெல் 104 ஆனால் அவன் காரின் ஒலி ஆற்றல் பாதியாகிவிடும். அலுவலரும் புன்னகையுடன் வழிவிடுவார்.