சாவி யார் கையில்?

கோட்டூர்புரத்தில் அண்ணா பெயர் தாங்கி நிற்கிறது நூற்றாண்டு நூலகம். 2010-இல் திறந்தார்கள். 2011-இல் அதை மருத்துவமனையாக மாற்றப் போவதாக அறிவித்தார்கள். உயர்நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் பிழைத்தது. இன்று உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் அங்கே மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். ‘மூட்டை சுமப்பவன் மகனுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு?’ என்ற ஏளனம் செத்தொழிந்தது. மகிழ்ச்சி!

ஆனால் தோழர்களே, ஒரு கேள்வி. அந்தக் கணினிக்கு எஜமானன் யார்?

‘வாங்கியவன்தான், இதென்ன கேள்வி?’ என்பீர்கள். பொறுங்கள்!

ஒரு வீடு வாங்குகிறோம். பத்திரம் நம் பெயரில். வரி கட்டுவது நாம். ஆனால் உள்ளே ஓர் அறை மட்டும் பூட்டிக் கிடக்கிறது. சாவி, விற்றவரிடம். அந்த அறைக்குள் ஓர் ஆள் இருக்கிறான். வீடு உறங்கினாலும் அவன் உறங்குவதில்லை. எல்லா அறைக்குள்ளும் அவன் வரலாம். அவன் அறைக்குள் நாம் போக முடியாது! ‘அஞ்ச வேண்டாம், அவன் நல்லவன், ஏதாவது பழுதானால் சரி செய்வான்’ என்கிறார் விற்றவர். ஒப்புவோமா?

கணினியில் ஒப்பிக்கொண்டிருக்கிறோம்!

கணினியின் மூளை என்று நாம் அறிந்தது பெரிய சிப். அதற்குப் பக்கத்திலே இன்னொரு குட்டி மூளையை வைத்திருக்கிறது அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம். பெயர், மேனேஜ்மென்ட் என்ஜின். 2008 முதல் அனேகமாக அதன் எல்லாக் கணினிகளிலும் இது உண்டு. போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யும் 2013 முதல் இதுபோன்ற ஒன்றை வைக்கத் தொடங்கியது. கணினியை நாம் அணைத்துவிட்டாலும், மின்சாரம் வந்துகொண்டிருந்தால் இன்டெல்லின் குட்டி மூளை விழித்திருக்கும். கணினியின் நினைவகத்தை அதனால் எட்ட முடியும். இணைய இணைப்பைத் தானே பயன்படுத்த முடியும். அதனுள் ஓடும் நிரலோ இன்டெல்லின் முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். நாம் எழுதி மாற்ற முடியாது. முழுதாகப் படித்துப் பார்க்கவும் முடியாது.

இது உளவு பார்க்கிறது என்று ஆதாரமின்றிப் பழி சுமத்துவது நம் வழக்கமன்று. ஆயிரம் கணினி உள்ள அலுவலகத்தில், ஒருவர் ஓரிடத்தில் இருந்தபடியே எல்லாவற்றையும் பழுது பார்க்க இது உதவுகிறது. உண்மை. ஆலைக்கு மேற்பார்வையாளர் வேண்டாம் என்று எந்தத் தொழிலாளி சொன்னான்? ஆனால் ஆலை மேற்பார்வையாளர் தொழிலாளியின் குடிசைக்குள்ளும் வந்து குந்திக்கொண்டால்? ‘எழுந்து போ’ என்று சொல்ல வீட்டுக்காரனுக்கு உரிமை இல்லை என்றால்? அதைத்தான் கேட்கிறோம்.

2017-ஆம் ஆண்டு இந்தப் பூட்டிய அறையின் இரகசியங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

மே மாதம் ஓர் ஓட்டை தெரிந்தது. அலுவலகங்களுக்கென விற்ற கணினிகளில், தொலைவிலிருந்து இயக்கும் வசதி திறந்து வைக்கப்பட்டிருந்தால், கடவுச்சொல் கேட்கும் இடத்தில் வெறுமையை அனுப்பினாலே போதும், கதவு திறந்துகொண்டது! ஏறத்தாழ ஏழாண்டு காலம் இருந்த ஓட்டை அது. பூட்டைப் பார்க்கவே பிறருக்கு அனுமதி இல்லையென்றால், பூட்டு பழுது என்பது எப்படித் தெரியும்?

நவம்பரில் இன்னொரு வேடிக்கை. அந்தக் குட்டி மூளைக்குள் ஓடுவது மினிக்ஸ் என்ற இயங்குதளம் என்று தெரிந்தது. மாணவர்களுக்குப் பாடம் நடத்த அதை எழுதியவர் ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம். தம் படைப்பு இப்படி உலகெங்கும் ஓடுவதே தமக்குத் தெரியாது என்று இன்டெல்லுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார் அவர். படைத்தவருக்கே சொல்லவில்லை, வாங்கிய நமக்கா சொல்வார்கள்?

இவற்றுக்கு நடுவே, ஆகஸ்டில் வந்ததுதான் தலையாய செய்தி. இந்த மூளையை உறங்கவைக்கும் இரகசிய விசை ஒன்று உள்ளேயே இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். யாருக்காக? அமெரிக்க அரசின் பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்காக! கணினி தயாரிப்பாளர்கள் கேட்டதால் வைத்ததாகவும், அது முழுதாகச் சோதித்த வசதியன்று என்றும் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. அரசாங்கம் கேட்டால் விசை உண்டு. கூலி சேர்த்து வாங்கியவனுக்கு அது உண்டென்று சொல்லக்கூட ஆளில்லை. இதுவா நியாயம்?

முடியாத காரியமா இது? அமெரிக்காவிலேயே பியூரிசம், சிஸ்டம்76 என்ற சிறு நிறுவனங்கள், அந்த மூளையை முடக்கியே கணினி விற்பதாக 2017-இல் அறிவித்தன. சிறியவனால் முடிந்தது பெரியவனால் ஆகாதா? ஆகும். கேட்பார் இல்லை; அதுதான் காரணம்.

கேட்கும் வலிமை தமிழ்நாட்டுக்கு உண்டு. 2011 முதல் இலட்சக்கணக்கான பள்ளி மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்த மாநிலம் இது. இரண்டாண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினிக் கருவி என்று 2025 மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த மாநிலம் இது. 20 இலட்சம் வாங்குபவரை எந்த வியாபாரி உதறித் தள்ளுவார்? ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே ஒரு நிபந்தனை எழுதட்டும்: உள்ளே எத்தனை மூளை, அவை என்ன செய்கின்றன என்று சொல், அணைக்கும் விசையை வாங்குபவர் கையில் கொடு!

நீண்ட வழியும் உண்டு. கோட்டூர்புரத்தை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில், பேராசிரியர் காமகோடி குழுவினர் 2014-இல் ‘சக்தி’ என்ற சிப்பை வடிவமைக்கத் தொடங்கினார்கள். வரைபடம் எல்லோர் பார்வைக்கும் திறந்தது. 2018-இல் முதல் சிப் உருவானது. அதை வார்த்தது எங்கே தெரியுமா? ஆரிகானில் உள்ள இன்டெல் ஆலையில்! வடிவம் நமது, உலை அவர்களது. பிறகு சண்டிகரை ஒட்டியுள்ள நம் நாட்டு ஆலையிலும் வார்த்தார்கள். கடையில் வாங்கும் மடிக்கணினிக்குள் அது இன்னும் வரவில்லை. வரும் நாள் வரை கைகட்டி நிற்பதா? விசையைக் கேட்பது இன்றைய வேலை. திறந்த சிப்பை வளர்ப்பது நாளைய வேலை. இரண்டும் வேண்டும்.

அதிகாரம் எங்கோ குவிந்து கிடக்கலாகாது, அதற்கு உட்பட்டவன் கைக்கு வர வேண்டும் என்று தெருமுனைதோறும் பேசி வளர்ந்த இயக்கம் நம்முடையது. அந்த வாதம் கோட்டைக்கு மட்டும் உரியதன்று. நம் பிள்ளையின் மடிமேல் இருக்கும் பெட்டிக்கும் உரியது. கிளைக் கழகக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். கணினி கொடுத்தார்கள், நன்றி. சாவியையும் கொடுக்கச் சொல்லுங்கள்!