மலேசியாவுக்குப் போகிறீர்களா?

விராலிமலையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் திருச்சி விமான நிலையம். அங்கிருந்து நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். பஸ்ஸில் சென்னை போவதைவிட இது சீக்கிரம்! எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருவன்தான். அதனால் தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும் காகிதங்களைப் படித்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்துவிடும். அப்படித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

மலேசியா இரண்டு துண்டாக இருக்கும் நாடு. நம்மவர்கள் போவது பெரும்பாலும் தீபகற்பப் பகுதிக்கு. சபா, சரவாக் இரண்டும் கடல் தாண்டி போர்னியோ தீவில். 1957-ல் மலாயாவுக்குச் சுதந்திரம், 1963-ல் மலேசியா உதயம். பணம் ரிங்கிட். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கணும்.

தலைநகர் கோலாலம்பூர், கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடும் இடத்தில் வெள்ளீயம் தோண்ட வந்தவர்களால் வளர்ந்த ஊர். அங்குள்ள இரட்டைக் கோபுரம் 452 மீட்டர், 88 மாடி. மெக்கானிக்கல் மாணவனான எனக்கு உயரத்தைவிட, 41, 42-வது மாடிகளில் இரண்டையும் சேர்க்கும் பாலம்தான் அதிசயம். அதைக் கோபுரங்களோடு இறுக்கிப் பூட்டவில்லை. காற்றில் கோபுரம் அசைந்தால் பாலம் வழுக்கி நகர்ந்து கொடுக்கும். இறுக்கியிருந்தால் என்ன ஆகும் என்று நம்ம வகுப்புப் பையன்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

நகரை ஒட்டியே பத்துமலை. 272 படி, அடிவாரத்தில் 2006-ல் திறந்த 140 அடி முருகன். நம்மூர் மலை ஏறிப் பழகியவர்களுக்குச் சிரமமில்லை. குரங்கு பையைப் பிடுங்கும், ஜாக்கிரதை.

வடக்கே பினாங்கு தீவு. 1985-ல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலத்தில் பஸ்ஸிலேயே போகலாம். அதன் ஜார்ஜ் டவுன் 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வழியில் ஈப்போ, பழைய வெள்ளீய ஊர்.

இனி முக்கியமான சங்கதி. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்றார்கள்; பிறகு 2026 கடைசி வரை நீட்டித்தார்கள். இது சுற்றிப் பார்க்க மட்டும்தான். என் பெரியப்பா மகன், எட்டாம் வகுப்போடு நின்றவர், ஒரு ஏஜெண்டை நம்பி "போனதும் பெர்மிட் மாத்திக்கலாம்" என்று பணம் கட்டிவிட்டார். காகிதத்தைப் படித்தேன், வேலை என்ற சொல்லே எங்கும் இல்லை. "அண்ணே, போகாதீங்க" என்றேன். கோபித்துக்கொண்டார், ஆனால் போகவில்லை. பணம் இன்னும் திரும்பவில்லை.

பத்தாம் வகுப்பு தேறாதவர் அங்கே வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலக அனுமதி வேண்டும். ஏஜெண்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பார்க்கத் தெரியாதவர்கள் காகிதத்தோடு என்னிடம் வாருங்கள்.