இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்தாலும் கிருமியை வளர்த்தாக வேண்டும்

நெய்வேலி டவுன்ஷிப்பிலோ சுரங்கங்களை ஒட்டிய ஊர்களிலோ ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேலும் இருமல் நிற்கவில்லை என்றால், இன்று அவருடைய சளி மரபணுச் சோதனைக்குப் போக வேண்டும். சிபிநாட் கருவி இரண்டு மணி நேரத்தில், காசநோய் இருக்கிறதா, இருந்தால் ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்குக் கட்டுப்படுமா என்று சொல்லிவிடும். பிறகு எதற்குக் கிருமியை ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்க்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. ஆனாலும் வளர்த்தாக வேண்டும்.

ஈ-கோலை என்ற குடல் கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கு 15 முதல் 20 மணி நேரம் தேவை. அதனால் கோழிமுட்டை சேர்த்த லோவென்ஸ்டீன்-ஜென்சன் ஊடகத்தில் அது கண்ணுக்குத் தெரிய 3 முதல் 8 வாரம் ஆகிறது. மருந்து கலந்த குழாயிலும் கலக்காத குழாயிலும் கிருமியை இட்டு ஒப்பிடுவார்கள். பெரும்பாலான மருந்துகளில், 100 கிருமிக்கு ஒன்று மருந்தை மீறி வளர்ந்தாலே எதிர்ப்புத்திறன் உண்டு என்று முடிவு செய்வார்கள். மற்ற 99 மடிந்தபின் நுரையீரலில் பெருகப் போவது அந்த ஒன்றுதான். திரவ ஊடகத்தில் இந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறைகிறது.

மரபணுச் சோதனை, தேடச் சொன்ன இடத்தில் மட்டுமே தேடும். ஆப்பிரிக்காவின் எஸ்வாட்டினியில், பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளில் சுமார் 30 சதவீதம் அந்த இடத்துக்கு வெளியே மாற்றம் பெற்றிருந்ததால் கருவிக்குத் தப்பின என்று 2015-இல் தெரியவந்தது. செத்த கிருமியின் மரபணுவையும் கருவி கண்டுகொள்ளும் என்பதால், சிகிச்சை பலிக்கிறதா என்று அதைக் கேட்க முடியாது. பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு இந்தியா 2024-இல் அனுமதித்த ஆறு மாத சிகிச்சையின் தூணான பெடாகுவிலினுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்பதை சிபிநாட் பார்ப்பதே இல்லை. கிருமியை அந்த மருந்தோடு வளரவிட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி.

செலவு அதிகம், காற்றுப் பாதுகாப்புள்ள ஆய்வகம் வேண்டும், நோயாளி காத்திருக்க முடியாது என்பார்கள். மூன்றும் உண்மை. ஆனால் ஊருக்கு ஓர் ஆய்வகம் தேவையில்லை, மாதிரி பயணம் செய்தால் போதும். மரபணு முடிவை வைத்து சிகிச்சையை உடனே தொடங்கிவிடலாம். நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பிறந்த அதே 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டாலும் குணமாகும் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது, சளியைத் தொடர்ந்து வளர்த்துப் பார்த்த பலத்தில்தான். ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது: வளர்ப்புக்கான சளியை முதல் வேளை மருந்துக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். பிறகு எடுத்தால் கிருமி குழாயில் வளராமலே போகலாம்.