சிறு இழுதுமீன்களும் பரம்பரை எழுத்தும்

உயிர்களை இனம் பிரித்துப் பெயரிடுவது வெறும் பட்டியல் வேலையன்று. ஓர் உயிரைப் பற்றி மனிதர் கண்டறிந்தவை யாவும் அதன் பெயரின் கீழேயே சேர்த்து வைக்கப்படுகின்றன. பெயர் பிழைபடுமாயின் ஓர் உயிரின் இயல்பு வேறோர் உயிரின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். இத்தகைய குழப்பம் மிகுந்திருந்த இடங்களுள் ஒன்று, கடலில் வாழும் சின்னஞ்சிறு இழுதுமீன்களின் வகுப்பு. அக்குழப்பத்தைத் தீர்க்க இன்று துணைநிற்பது பிறப்புரிமையியல்.

கரையொதுங்கிக் கிடக்கும் பெரிய இழுதுமீன்களை நேயர்கள் கண்டிருப்பர். இங்கே கூறப்படுவன அவற்றின் சிறிய உறவினர். ஐதரோசோவா என்னும் வகுப்பைச் சேர்ந்தவை. அவற்றுட் பல ஒரு நெல்மணியின் அளவுகூட இரா. கண்ணாடி போன்று தெளிந்த உடல், மணியின் வடிவம், விளிம்பிலே நூலிழை போன்ற பரிசக்கொம்புகள்: இதுவே அவற்றின் தோற்றம். மெதூசா எனப்படும் இந்த மணி நீந்தித் திரிந்து முட்டையையோ விந்தையோ நீரில் விடும். முட்டையிலிருந்து தோன்றும் குடம்பி, கல்லிலோ சிப்பியோட்டிலோ ஒட்டிக்கொண்டு, பாசி போலக் கிளைத்து வளரும். இதற்குப் பொலிப்பு என்று பெயர். கொடியிலே மொட்டு அரும்புவது போலப் பொலிப்பிலே அரும்பி, பிரிந்து நீந்திச் செல்வதே அடுத்த மெதூசா. தாயும் பிள்ளையும் ஒன்றையொன்று சிறிதும் ஒத்திருப்பதில்லை.

இவ்விரு உருவங்களும் ஓர் உயிரின் இரு பருவங்கள் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று. ஆயினும் பெயரிடும் பணி இரு வழியாகவே தொடர்ந்தது. மெதூசாவை ஆராய்ந்தோர் வலை கொண்டு கடல்நீரை அரித்தனர். பொலிப்பை ஆராய்ந்தோர் பாறைகளையும் சிப்பிகளையும் துருவினர். இதற்கு இலங்கைக் கடலே ஒரு சான்று. 1902 இல் மன்னார்க் குடாவின் முத்துச் சலாபத்தை ஆராய வந்த பேராசிரியர் ஹேட்மன் எண்ணற்ற கடலுயிர்களைத் திரட்டினார். அவற்றுள் பொலிப்புகளைப் பற்றி லோரா தோண்லி என்னும் அம்மையார் 1904 இலும், மெதூசாக்களைப் பற்றி பிரவுண் என்பவர் 1905 இலும் வெவ்வேறு அறிக்கைகள் எழுதினர். ஓர் அறிக்கையிலுள்ள பொலிப்பு மற்றைய அறிக்கையிலுள்ள மெதூசாவின் தாயாக இருத்தல் கூடும். ஆனால் உருவத்தை மட்டும் நோக்கி அந்த உறவைக் கூறுவது எங்ஙனம்? கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்துப் பார்ப்பதே முற்காலத்து வழி. அது பொறுமையைச் சோதிக்கும் வழி. பல இனங்கள் பாத்திரத்தில் வளர மறுத்தன.

உருவம் மாறினும் பரம்பரைப் பொருள் மாறுவதில்லை. பொலிப்பின் கலங்களிலும் மெதூசாவின் கலங்களிலும் உள்ள டி.என்.ஏ. ஒன்றே. அது நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நீண்ட ஏடு போன்றது. மதுசாரத்தில் இட்டு வைத்த உயிரின் ஒரு சிறு துணுக்கிலிருந்து அந்த ஏட்டைப் பிரித்தெடுத்து, வேண்டிய பகுதியை மட்டும் பல இலட்சம் படிகளாகப் பெருக்கி, எழுத்தெழுத்தாக வாசிக்கலாம். இவ்வுயிர்களுக்குப் பெரிதும் பயன்படுவது, கலத்தின் இழைமணியிலுள்ள ஒரு பரம்பரையலகின் ஏறக்குறைய 600 எழுத்துக்கள் கொண்ட பகுதி. ஒரே இனத்துள் இப்பகுதி பெரும்பாலும் ஒத்திருக்கும். இனத்துக்கு இனம் வேறுபடும். ஆதலால் பாறையிற் கிடைத்த பொலிப்பின் எழுத்தும் வலையில் அகப்பட்ட மெதூசாவின் எழுத்தும் பொருந்துமாயின் உறவு வெளிப்பட்டுவிடும்.

இம்முறையின் பயனைத் துரிதொப்சிசு என்னும் சாதியின் வரலாறு நன்கு காட்டுகிறது. 1857 இல் மக்கிரேடி என்பவர் அமெரிக்காவின் சாள்ஸ்டன் துறைமுகத்தில் கண்ட மெதூசாவுக்குத் துரிதொப்சிசு நியூதிரிக்குலா என்று பெயரிட்டார். பரம்பரைக் கொள்கையால் புகழ்பெற்ற வைஸ்மன் 1883 இல் மத்தியதரைக் கடலின் பொலிப்பு ஒன்றுக்கு வேறொரு சாதிப்பெயருடன் தோர்ணி என்று பெயரிட்டார். பின்வந்தோர் இவற்றையும் இவற்றை ஒத்த பலவற்றையும், உலகெங்கும் பரந்த ஓரினமே எனக் கருதி, நியூதிரிக்குலா என்ற பெயரில் அடக்கினர்.

பின்னர் இத்தாலிய ஆராய்ச்சியாளர் ஒரு வியப்பைக் கண்டனர். பட்டினியாலோ காயத்தாலோ துன்புற்ற மெதூசா மடிவதற்குப் பதிலாகச் சுருங்கி, கடற்றரையில் ஒட்டி, மீண்டும் பொலிப்பாக மாறியது. முதுமையிலிருந்து இளமைக்குத் திரும்பும் இந்த ஆற்றலை 1996 இல் வெளியான விரிவான ஆய்வு நியூதிரிக்குலாவுக்கே உரியதாக எழுதியது. ஆனால் 2004 இல் ஜெனீவா நூதனசாலையைச் சேர்ந்த ஷூகெற் செய்த மீளாய்வும், 2007 இல் வெளியான பரம்பரையலகு ஒப்பீடும் மத்தியதரைக் கடலின் இனம் வேறு என்று நிறுவின. அந்த ஆற்றலுக்கு உரியது தோர்ணியே. அமெரிக்க இனத்தின் கணக்கில் எழுதப்பட்ட பெருமை அதற்குரிய இனத்தைச் சேர்ந்தது.

2009 இல் மற்றொரு செய்தி வெளியாயிற்று. பனாமாவின் வெப்பக் கடலில் வாழும் மெதூசாவுக்கு எட்டுப் பரிசக்கொம்புகளே உண்டு. குளிர்ந்த கடல்களில் வாழ்வனவற்றுக்கு அதனினும் மிகுதியாக உண்டு. உருவங் கண்டு பிரிப்போர் இவற்றை இரு இனங்கள் என்றே கொள்வர். எழுத்தோ, யப்பானிலும் இத்தாலியிலும் பனாமாவிலும் வாழ்வது தோர்ணி என்னும் ஒரே இனம் என்றது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிச் செல்லும் நீரோடு அது கடல் கடந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. ஒன்றென நினைத்தது பலவாயிற்று. பலவெனத் தோன்றியது ஒன்றாயிற்று.

இதனால் உருவத்தை நோக்கும் பழைய கலை பயனற்றதாகிவிடவில்லை. எழுத்துக்கு உரியவர் யார் என்று கூறுவதற்கு, முதலில் நுணுக்குக்காட்டியின் கீழ் அந்த உயிரை அறிந்து பெயர் சொல்வார் ஒருவர் வேண்டும். அவர் தவறினால் எழுத்தேடும் தவறும். முன்னோர் போமலினில் இட்டுவைத்த மாதிரிகளின் எழுத்தை வாசிப்பதும் கடினம். முதன்முதற் பெயர் பெற்ற இடத்துக்கே சென்று புதிய மாதிரி எடுத்தல் வேண்டும்.

2022 இல் ஸ்பெயின் நாட்டின் ஒவியேடோ பல்கலைக்கழகத்தார், தோர்ணியின் பரம்பரை ஏடு முழுவதையும் அதன் உறவினமாகிய ருப்பிராவின் ஏட்டுடன் ஒப்பிட்டு, இளமைக்குத் திரும்பும் ஆற்றலின் காரணத்தைத் தேடினர். இரண்டும் ஒரே பெயரில் அடங்கிக் கிடந்திருந்தால் அந்த ஒப்பீட்டுக்கே இடமிருந்திராது. உரிய உயிருக்கு உரிய பெயரை வழங்கிய பின்னரே அதன் இயல்பைப் பற்றிய கேள்வியைச் செவ்வனே கேட்க முடிந்தது.