புகையானை வளர்த்த மருந்து

நெற்பயிரின் அடித்தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கும்பலாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பழுப்பு நிறத் தத்துப்பூச்சிதான் புகையான். நீளம் மூன்று, நான்கு மில்லிமீட்டர். வரப்பில் நின்று பார்க்கிறவருக்கு வயல் பச்சைப்பசேலென்றுதான் தெரியும்; குனிந்து, குத்தை விலக்கி அடியைப் பார்த்தால்தான் பூச்சி கண்ணில் படும். எண்ணிக்கை எல்லை மீறியதும் வயலின் நடுவே வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்து, தீயில் கருகிப் புகை படிந்ததுபோல் நிற்கும். பூச்சியின் தமிழ்ப் பெயர் அந்தத் தோற்றத்துக்கு அவ்வளவு பொருத்தம்.

வெப்பமண்டல ஆசியாவில் ஒரு காலத்தில் இதைப் பெரிய பூச்சியாக யாரும் கருதவில்லை. 1966இல் ஐ.ஆர்.8 நெல் வந்தது. குட்டை ரகம், நெருக்கமான நடவு, தாராளமான யூரியா, ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம், கூடவே பூச்சி மருந்து என்று சாகுபடி முறையே மாறியது. 1970களில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கேரளம் எனப் பல இடங்களில் புகையான் வயல்களைத் தீய்த்தது. எதிர்ப்புத் திறன் கொண்ட ஐ.ஆர்.26 ரகத்தை 1973இல் வெளியிட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் புகையான் அந்த ரகத்தையும் உண்ணப் பழகிவிட்டது.

எஞ்சியது மருந்து. ஆனால் மருந்தடித்த வயலில்தான் புகையான் அதிகமாகப் பெருகியது. காரணம் பூச்சியின் முட்டையிடும் பழக்கத்தில் இருக்கிறது. பெண் பூச்சி இலையுறையைக் கீறி, அதன் திசுவுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டைகளைச் செருகி வைக்கிறது. தெளிக்கும் மருந்து அங்கே எட்டுவதில்லை. வெளியே திரியும் ஓநாய்ச் சிலந்தியும், புகையான் முட்டையைத் தேடிக் குடிக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்து விழுகின்றன. சில நாள் கழித்துப் பொரிக்கும் குஞ்சுகளுக்குத் தடுப்பாரில்லாத வயல் கிடைக்கிறது. ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம்கூட ஆவதில்லை; சிலந்தியோ அவ்வளவு வேகமாகப் பெருகாது. ஆய்வாளர் பீட்டர் கென்மோர் 1970களின் இறுதியில் பிலிப்பைன்ஸ் வயல்களில் பூச்சிகளை எண்ணி எண்ணி இதை விளக்கினார். பூச்சியியலில் இதற்கு மறுபெருக்கம் என்று பெயர்.

இந்தக் கணக்கை ஓர் அரசு முழுதாக ஏற்றுக்கொண்டது இந்தோனேசியாவில். 1984இல் அரிசியில் தன்னிறைவு பெற்றதாக அறிவித்த நாடு அது. பூச்சி மருந்தின் விலையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அரசே மானியமாகக் கொடுத்தது; மருந்து மலிவு என்பதால் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடித்தார்கள். 1985-86இல் ஜாவாவில் புகையான் மீண்டும் எழுந்தது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ ஓர் ஆணை பிறப்பித்து 57 வகை மருந்துகளை நெல்லுக்கு அடிக்கத் தடை விதித்தார். மானியம் படிப்படியாகக் குறைந்து 1989இல் நின்றது. மருந்துப் பயன்பாடு பாதியாகக் குறைந்தது. நெல் விளைச்சல் குறையவில்லை. அதே 1989இல் உலக உணவு வேளாண் நிறுவனத்தின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. கரும்பலகை கிடையாது. வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, குத்துகளை ஆராய்ந்து, எந்தப் பூச்சி எதைத் தின்கிறது என்று படம் வரைந்து, அந்த வாரம் என்ன செய்வது என்பதை உழவர்களே முடிவெடுப்பதுதான் பாடம். மருந்துக் கடைக்காரரிடம் போயிருந்த முடிவு இப்படி வயலுக்குத் திரும்பியது.

ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்ற பெயரில் இன்று சொல்லப்படுவதன் அடிப்படை இன்னும் பழையது. கலிபோர்னியாவில் குதிரைமசாலைத் தாக்கிய அசுவினியை ஆராய்ந்த ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் ஆகிய நால்வர் 1959இல் அதை எழுதி வைத்தார்கள். பூச்சி இருப்பது வேறு, பூச்சியால் நட்டம் வருவது வேறு என்பதுதான் அவர்கள் வாதம். நட்டத்தின் மதிப்பு மருந்துச் செலவைத் தாண்டப்போகும் எண்ணிக்கையைத் தொடும் முன்பு மருந்தடிப்பது வீண். இதுவே பொருளாதாரச் சேத நிலை என்ற கருத்து.

புகையானுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்துள்ள சேத நிலையில் சிலந்திக்கும் இடம் உண்டு. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தாலே நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். அதாவது ஒரு குத்தில் இருபது தூர் இருந்தால், அந்த ஒற்றைச் சிலந்தியை நம்பி மேற்கொண்டு இருபது புகையானை விட்டுவைக்கலாம். எட்டுக்கால் ஜீவனுக்கு இவ்வளவு மரியாதை தரும் பரிந்துரை வேளாண் கையேடுகளில் அபூர்வம். கணக்கிடும் முறையும் எளிது: குத்தைச் சாய்த்துத் தட்டினால் பூச்சிகள் தண்ணீரில் விழும், எண்ணிவிடலாம்.

புகையான் வரும் முன்பு அந்தச் சிலந்தி எதைத் தின்று வாழ்கிறது? வில்லியம் செட்டில் குழுவினர் ஜாவா வயல்களில் ஆராய்ந்து 1996இல் விடை சொன்னார்கள். நட்ட வயலின் சேற்றில் மட்கும் தாள், தழை ஆகியவற்றில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்டு சிறு கொசுவினங்களும் வால்குதிப்பூச்சிகளும் பெருகுகின்றன. பயிருக்கு ஒரு கெடுதலும் செய்யாத இந்தக் கூட்டமே சிலந்தியின் முதல் மாதத்துத் தீனி. நட்ட முப்பது நாற்பது நாளுக்குள் இலைச்சுருட்டுப் புழுவைக் கண்டு பதறி அடிக்கும் மருந்து இந்தத் தீனியையும் அதைத் தின்பவற்றையும் சேர்த்து அழிக்கிறது. இளம் பயிரோ இழந்த இலையைப் புதிய தூர்களால் ஈடுகட்டிவிடும். அப்போது அடித்த மருந்தால் பெரும்பாலும் பயனில்லை.

சாகுபடி முறையிலேயே செய்யக்கூடியவை நிறைய. எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நட்டால் அடித்தூருக்கு வெயிலும் காற்றும் கிடைக்கும். புகையானுக்கு வேண்டியது நிழலும் ஈரமும். தண்ணீரைத் தேக்கியே வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவதும் அதே காரணத்துக்காகத்தான். தழைச்சத்து மிஞ்சிய பயிரில் புகையான் கூடுதலாக முட்டையிடும் என்பதால் யூரியாவை இலை வண்ண அட்டை பார்த்துப் பிரித்து இடவேண்டும். வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ போட்டால் பொறிவண்டுக்கும் குளவிக்கும் தங்குமிடம் ஆகும். விளக்குப் பொறி வரவைக் கண்காணிக்க உதவும். ஆனால் மிரிட் நாவாய்ப்பூச்சியும் விளக்கைத் தேடி வருவதால், இரவு முழுக்க எரியவிட்டால் காவல்காரனையும் சேர்த்துக் கொன்றதாகும். தண்டுத் துளைப்பானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டைகள் கிடைக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் எண்ணிக்கை சேத நிலையைத் தாண்டினால் மருந்து உண்டு. ஒருங்கிணைந்த மேலாண்மை மருந்தை விலக்கிய முறையல்ல. செயற்கை பைரித்ராய்டுகள் மறுபெருக்கத்தைத் தூண்டுவதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பதும் ஆகாது; இமிடாகுளோபிரிட் மருந்துக்கு ஆசியப் புகையான் 2000களிலேயே பழகிவிட்டது. தெளிக்கும் முன் வயலின் தண்ணீரை வடிக்க வேண்டும். தெளிப்பானின் மூக்கு தோகையை நோக்கி அல்ல, பூச்சி உட்கார்ந்திருக்கும் அடித்தூரை நோக்கி இருக்க வேண்டும்.