“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்!” - 60 வயதைத் தாண்டிய அம்மாக்கள் சொல்லாமல் விடும் பிரச்னைகள்

அப்பாவுக்கு சர்க்கரை மாத்திரை எப்போது தீரும், பேரனுக்கு அடுத்த தடுப்பூசி எப்போது... எல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். ஆனால், அம்மாவுக்குக் கடைசியாக எப்போது பி.பி பார்த்தோம் என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் பதில் இருக்காது.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்துவிடுவதால் எலும்பு, இதயம், சிறுநீர்ப்பை மூன்றுமே பாதிக்கப்படலாம். இவற்றில் பாதிப் பிரச்னைகளை ‘வயசானா அப்படித்தான்’ என்று பெண்களே ஒதுக்கிவிடுகிறார்கள்.

கூச்சம் வேண்டாம்

மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘உடம்புச் சூடு’ என்று வெந்தயம் சாப்பிட்டு நாளைக் கடத்தக் கூடாது. காரணம் சாதாரணமானதாக இருக்கலாம். கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.

இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறதா? இதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது சிறுநீர்த் தொற்றுக்குத்தான் வழி வகுக்கும். இடுப்புத்தளத் தசைப் பயிற்சிகளே பலருக்கு நல்ல பலன் தரும். கர்ப்பப்பை இறக்கத்துக்கும் அறுவை சிகிச்சை இல்லாத தீர்வுகள் இருக்கின்றன.

எல்லாமே வாயு அல்ல

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள் என்பது சினிமா. பெண்களுக்கு தாடை வலி, முதுகு வலி, குமட்டல், மூச்சுத்திணறல், திடீர் வியர்வை, காரணமில்லாத அசதி எனவும் வரலாம். சர்க்கரை நோய் இருந்தால் வலியே தெரியாமலும் போகலாம். சோடா குடித்துவிட்டுப் படுக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

விழாமல் இருப்பதே வைத்தியம்

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். பால், தயிர், கீரை, எள்ளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்று அர்த்தம். பாத்ரூமில் ஒரு கைப்பிடி, ராத்திரியில் ஒரு சின்ன விளக்கு... இடுப்பு எலும்பு முறிவைத் தடுக்க இவையும் உதவும்.

மாத்திரைப் பை

மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மூட்டுவலி மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் பி.பி ஏறலாம், சிறுநீரகம் கெடலாம். மருத்துவரிடம் போகும்போது லேகியம் உட்பட வீட்டிலிருக்கும் எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எதை நிறுத்தலாம் என்று அவரே சொல்வார்.

செலவுக்குப் பயமா?

2021-ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. சென்னை கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 முதல் இயங்குகிறது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி விரிவாக்கப்பட்டுள்ளது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். முதியோர் உதவிக்கு 14567 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

கடைசியாக ஒன்று. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் மகன்கள், டாக்டரிடம் எல்லாவற்றையும் தாங்களே பேசிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் வெளியே காத்திருங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால், உண்மையான பிரச்னையை அவர் சொல்லாமலே திரும்பிவிடக்கூடும்.